கரி அள்ளுபவருக்கு எதற்கு அந்தத் தேர்வு?

1965 ஜூலை 2. வேலையில் நிறப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த நாள். வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் அனல்மின் நிலையம் அதே நாளில் ஒரு புது விதி போட்டது. கூலிப் பிரிவைத் தவிர வேறு எந்தப் பிரிவில் புதிதாகச் சேர்வதானாலும் பள்ளியிறுதிச் சான்றிதழ் வேண்டும். இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும். ஒன்று, 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட வொண்டர்லிக் தேர்வு. மற்றது, இயந்திர அறிவைச் சோதிக்கும் பென்னட் தேர்வு.

அதுவரை கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலிப் பிரிவு மட்டும்தான். அங்கே கிடைத்த உச்சச் சம்பளம், வெள்ளையர் மட்டுமே இருந்த மற்ற நான்கு பிரிவுகளின் ஆரம்பச் சம்பளத்துக்கும் கீழே. அந்த மாநிலத்தில் பள்ளியிறுதி முடித்தவர்கள், 1960 கணக்கெடுப்பின்படி, வெள்ளை ஆண்களில் 34 சதவீதம், கறுப்பின ஆண்களில் 12 சதவீதம். வில்லி கிரிக்ஸும் சக தொழிலாளர்கள் 12 பேரும் வழக்குப் போட்டார்கள்.

இந்த விதியால் ஆட்களின் தரம் உயரும் என்ற நிறுவனத்தின் வாதத்தை உடைத்தது அதன் சொந்த ஆட்களே. விதி வருவதற்கு முன் சேர்ந்த, சான்றிதழும் இல்லாத, தேர்வும் எழுதாத வெள்ளையர்கள் கரி கையாளும் பிரிவு முதலியவற்றில் நன்றாகவே வேலை பார்த்து, பதவி உயர்வும் பெற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அந்தத் தேர்வு எதை அளந்தது? 1971 மார்ச் 8 அன்று தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: கெட்ட எண்ணம் இல்லை என்பது போதாது, தேர்வுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிறுவனமே நிரூபிக்க வேண்டும்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. நீதிமன்றம் கேட்ட அதே தொடர்பைத்தான் உளவியலாளர்கள் எண்களில் தேடினார்கள்: தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1. ஷ்மிட், ஹன்ட்டர் இருவரும் 1998இல் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, வேலையின் ஒரு பகுதியையே செய்து காட்டச் சொல்லும் சோதனைக்கு 0.54 கிடைத்தது. அனுபவ ஆண்டுகளுக்கு 0.18தான். கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வதற்கு 0.02, அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. உளவியலாளர் சாக்கெட்டின் குழு 2022இல் மறுபடி கணக்குப் பார்த்ததில் பல எண்கள் இறங்கின. முதலிடம் பிடித்தது, எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் முறை என்று நடத்தும் நேர்காணல்: 0.42.

எந்தப் பதவிக்கும் ஒரே ஆன்லைன் தேர்வை வைப்பது மலிவு, சுலபம். ஆனால் அந்த மலிவுக்கு விலை கொடுப்பவர் வேலை தெரிந்தும் வெளியே நிற்பவர். தேர்வை விற்க வருபவரிடம் நிறுவனம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இதில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், எங்கள் வேலையைப் போன்ற வேலையில், ஓராண்டு கழித்து எப்படிச் செய்தார்கள்?