சூரிய மின்சாரப் பம்புசெட்டுகளுக்கு ஏற்ற டி.ஸி. சுவிட்சு

சூரிய ஒளியால் இயங்கும் பம்புசெட்டுகள் தமிழ்நாட்டின் கிணற்றுப் பாசன நிலங்களில் பெருகி வருகின்றன. 2019ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் மூலம் மானியம் பெற்றுப் பல குடியானவர்கள் இவற்றை அமைத்துக்கொண்டார்கள். பலகைகளைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் அக்கறையுடன் விசாரிப்பவர்கள், இரண்டுக்கும் நடுவே நிற்கும் சிறிய சுவிட்சைப் பற்றி அநேகமாக விசாரிப்பதில்லை. முழுச் செலவில் அதன் விலை மிகவும் சொற்பம். ஆயினும் அது தகாததாயிருந்தால் கொட்டகை தீப்பற்றவும், அதைத் திருப்பியவரின் கை வெந்துபோகவும் கூடும்.

பழைய சுவிட்சு ஏன் உதவாது?

கிணற்றுக்கு மின்சார மோட்டார் வைப்பது நம் குடியானவர்களுக்குப் புதிதன்று. பைக்காரா மின்நிலையம் 1932ம் வருஷத்தில் வேலை தொடங்கியது. அக்காலம் முதல் கம்பத்து மின்சாரம் படிப்படியாகக் கிராமங்களில் பரவிற்று. அந்தப் பழக்கமே இப்போது ஒரு தவறுக்கு இடந்தருகிறது. கழற்றி வைத்த இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சு நல்ல நிலையில் இருக்கையில், புதிதாக ஒன்று வாங்குவானேன் என்று எண்ணி, அதையே பலகைகளுக்கும் பூட்டிவிடுவதுண்டு. இது பெரும் அபாயம்.

கம்பத்திலிருந்து வருவது ஏ.ஸி. என்னும் மாறு மின்சாரம். அது ஒரு விநாடியில் நூறு தடவை குறைந்து குறைந்து இன்மையை அடைகிறது. சுவிட்சைத் திறக்கும்போது தொடுமுனைகளின் நடுவே எழும் தீப்பொறி, மின்சாரம் இன்மையை அடையும் அந்த நொடியில் தானே அணைந்துவிடும். பலகைகளிலிருந்து வருவதோ டி.ஸி. என்னும் நேர் மின்சாரம். வாய்க்காலில் ஓடும் நீரைப்போல் அது ஒரே திக்கில் இடைவிடாது ஓடுவது. சுவிட்சைத் திறந்த பின்னும் அந்த இடைவெளியில் அது தீச்சுடராகப் பாய்ந்துகொண்டேயிருக்கும். செம்பு உருகுவதற்கு 1085 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வேண்டும். இச்சுடரின் உஷ்ணம் அதனினும் மிக அதிகம். ஆகையால் தொடுமுனைகள் உருகி, பெட்டியும் எரியத் தொடங்கும்.

இச்சமயத்தில் ஃப்யூஸ் காப்பாற்றும் என்று நம்புவதும் தவறு. பலகைகளின் கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்து சேர்ந்தாலும், அவற்றில் ஓடும் மின்சாரம் வழக்கமான அளவைவிடச் சிறிதே அதிகமாகும். ஆதலால் ஒரே வரிசைப் பலகைகள் உள்ள பம்புசெட்டில் ஃப்யூஸ் எரிவதில்லை. சுவிட்சு ஒன்றே காவல்.

தேர்ந்தெடுக்கும் முறை

ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் திறந்த நிலை வோல்ட் எவ்வளவு, குறுக்குச் சேர்க்கை ஆம்பியர் எவ்வளவு என்பவை குறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, 5 குதிரைச்சக்தி பம்புசெட் ஒன்றுக்கு 335 வாட் பலகைகள் 15 ஒரே வரிசையில் தொடுக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு பலகைக்கு 46 வோல்ட் ஆனால், வரிசை முழுவதுக்கும் 690 வோல்ட். இது 25 டிகிரி உஷ்ணத்தில் எடுத்த கணக்கு. பலகை குளிர்ந்திருந்தால், டிகிரி ஒன்றுக்குச் சுமார் நூற்றுக்கு 0.3 வீதம் வோல்ட் ஏறும். மார்கழி விடியலில் 10 டிகிரிக்கு இறங்கும் மேட்டுப் பிரதேசங்களில் இவ்வரிசை சுமார் 721 வோல்ட் காட்டும். ஆகவே 1000 வோல்ட் டி.ஸி. தாங்கும் சுவிட்சே பொருந்தும்.

ஆம்பியர் கணக்கும் இவ்வாறே. சீட்டில் 9.5 ஆம்பியர் என்றிருந்தால், அதை 1.25 ஆல் பெருக்க, சுமார் 11.9 வரும். இதற்கு 16 ஆம்பியர் சுவிட்சு போதும். ஆனால் பெட்டியின்மேல் 1000 என்றும் 16 என்றும் தனித்தனியே எழுதியிருப்பது போதாது. ‘1000 வோல்ட் டி.ஸி.யில் 16 ஆம்பியர்’ என்று இரண்டும் சேர்ந்து குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 240 அல்லது 415 வோல்ட் ஏ.ஸி. என்று மட்டும் எழுதியதைத் தள்ளிவிட வேண்டும். ஐ.இ.ஸி. 60947-3 என்னும் தரவிதியும், டி.ஸி.-பி.வி.2 என்னும் வகைக் குறியும் காணப்பட்டால் விசேஷம்.

சில எம்.ஸி.பி.களில் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். அவற்றைத் தலைகீழாகப் பூட்டினால் சுடரை அணைக்கவேண்டிய உள்ளமைப்பு வேலை செய்யாமல், எம்.ஸி.பி.யே எரிந்துவிடும். திக்குப் பேதமில்லாத சுவிட்சே நலம்.

பூட்டும் முறை

1. பலகைகளுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே, கண்ட்ரோலரின் அருகில், நின்றபடியே கைக்கு எட்டும் உயரத்தில், நிழலில் சுவிட்சைப் பொருத்த வேண்டும். ஓலைக் கூரையையும் வைக்கோலையும் ஒட்டி வைக்கலாகாது.

2. கூட்டல், கழித்தல் ஆகிய இரண்டு கம்பிகளையும் சுவிட்சு ஒருங்கே துண்டிக்க வேண்டும். நான்கு ஜோடித் தொடுமுனைகள் உள்ள சுவிட்சுகளில் இரண்டிரண்டு ஜோடிகளைத் தொடராக இணைத்தால்தான் முழு வோல்ட்டையும் தாங்கும். தயாரித்தவர் கொடுத்த படத்தை அப்படியே பின்பற்றுக.

3. சூரிய மின்சாரத்துக்கென்றே செய்த, ஈயம் பூசிய செம்புக் கம்பியையே உபயோகிக்க வேண்டும். 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் கனம் ஏற்றது.

4. கம்பிகள் பெட்டியின் அடிப்பக்கமாக, இறுக்கமான ரப்பர் வாயில்களின் வழியே நுழைய வேண்டும். மேல்பக்கம் துளையிட்டால் மழைநீர் இறங்கும்.

5. திருகாணிகளைக் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். தளர்ந்த இணைப்பு சூடேறிக் கருகும். வருஷம் ஒரு முறை, இருட்டிய பின், தேர்ந்த மின்சாரத் தொழிலாளியைக் கொண்டு இவற்றைச் சோதிப்பது அவசியம்.

நிறுத்தும் முறை

முதலில் கண்ட்ரோலரில் மோட்டாரை நிறுத்திய பின்னரே சுவிட்சைத் திருப்புக. அதன்பின் ஐந்து நிமிஷமாவது கழியாமல் கண்ட்ரோலரைத் திறக்கலாகாது. அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கும். மோட்டார் ஓடுகையில் பலகைகளின் செருகிணைப்பை இழுத்துப் பிரிப்பது, சுவிட்சே இல்லாமல் கையால் சுடரை உண்டாக்குவதற்குச் சமானம்.

சுவிட்சை நிறுத்தினாலும் பலகை முதல் சுவிட்சு வரையுள்ள கம்பி பகல் முழுவதும் உயிருள்ளதே என்பதை வீட்டிலுள்ளவர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். தீப்பற்றினால் தண்ணீர் வீசாமல் விலகி நின்று, 101க்குத் தகவல் கொடுத்து, பகலில் பலகைகளை நிறுத்த இயலாது என்பதைத் தீயணைப்பவர்களிடம் தெரிவிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் புதிய பம்புசெட்டுகளைப் பார்வையிடும்போது, சுவிட்சின் மேலுள்ள எழுத்தையும் ஒரு முறை படித்துப் பார்ப்பார்களாயின் பெரும் உபகாரமாகும். அதில் டி.ஸி. என்ற குறி இல்லையேல், அதை மாற்றும் வரையில் பம்புசெட்டை ஓட்டாதிருப்பதே உத்தமம்.