பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி... யார் கைக்குப் போகிறது உங்கள் ரகசியம்?

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட்டை க்ளிக் செய்கிறீர்கள். உடனே ஒரு பெட்டி எட்டிப் பார்த்து பாஸ்வேர்டு கேட்கிறது. கொடுக்கலாமா?

பெட்டி 'ஜெனிட்டி' மூலம் வந்தது என்றால், நீங்கள் டைப் செய்வது நேராக ஸ்கிரிப்ட்டின் கைக்கே போகும். அதை 'சூடோ'வுக்குக் கொடுக்கலாம். எங்காவது எழுதியும் வைக்கலாம். 'பிகேஎக்ஸெக்' வழியாக வந்தால், சிஸ்டமே சரிபார்க்கும். பாஸ்வேர்டு ஸ்கிரிப்ட்டின் கண்ணிலேயே படாது.

அதுவும் அப்பழுக்கற்றதல்ல! 2009 முதல் அதில் ஒளிந்திருந்த ஓட்டையை, 2022 ஜனவரியில்தான் குவாலிஸ் நிறுவனம் அம்பலப்படுத்தியது. பாஸ்வேர்டே இல்லாமல் ஒரு சாதாரண யூஸர் முழு அதிகாரத்தையும் பிடித்துவிடலாம் என்ற நிலை. பிறகு அப்டேட்டில் அடைத்தார்கள்.

பெட்டியைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள். ஸ்கிரிப்ட் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், திறந்து படியுங்கள். புரியவில்லையா? 'கேன்சல்' கொடுங்கள். அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்!