மலர்ப் படமும் மென்குவியமும்

நுரைச்சோலையின் மணற்பாங்கான வீட்டுத் தோட்டங்களில் உச்சிவேளையிலே நித்தியகல்யாணியைப் படம்பிடித்தால், மணலிற் பட்டெழும் வெளிச்சம் இதழின் மென்மையைத் தின்றுவிடும். அதனை மீட்க உதவுவது மென்குவிய முறை. குவியம் தவறிய மங்கலை இதனோடு ஒன்றெனக் கொள்வோர் பலர். மென்குவிய வில்லையின் விளிம்பூடாக வரும் கதிர்கள், நடுக்கதிர்கள் கூடுமிடத்திற் கூடுவதில்லை. ஆதலால் தெளிந்த உருவின்மேல் மெல்லொளி படர்கின்றது. இதழின் நரம்பும் தெரியும், விளிம்பும் கசியும். வில்லையின் துளையைச் சுருக்கினாலோ அவ்வொளி மறைந்துபோம்.

சாதாரண வில்லை உடையோர் அதன்முன் மெல்லிய பட்டுத்துணி கட்டுவர். தனிக் கண்ணாடித் தட்டொன்றில் வாசலீன் தடவி முன்னே பொருத்துவாரும் உளர். வில்லையிலேயே தடவுவது மடமை. கடற்காற்றின் உப்புப் படிந்தாலும் படம் மங்கும். ஆயின் அது வில்லைக்குக் கேடு.

மென்குவியத்தாற் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், 1863இல், தமது 48ஆம் வயதிற் கமரா பெற்றவர். குவியம் வைக்கத் தெரியாதவரென விமரிசகர் சிலர் இகழ்ந்தனர். அவரோ உருவம் அழகாய்த் தோன்றிய இடத்திலேயே வில்லையை நிறுத்தினார். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர், 1877இல் களுத்துறையிலே, மலர் ஓவியர் மரியான் நோர்த்தைத் தென்னோலைகளிடையே நிறுத்திப் படம்பிடித்தார். அதுவும் உச்சிவெயிலில்தான்!