வடம் பிடிப்போர் மனம்

மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களில், கண்ணகி அம்மன் வழிபாட்டோடு தொடர்புற்ற பழைய விளையாட்டு ஒன்று உண்டு. கொம்புமுறி என்பது அதன் பெயர். ஊர் மக்கள் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். வடசேரியார் கோவலன் பக்கத்தவர். தென்சேரியார் கண்ணகி பக்கத்தவர். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு சாராரும் எதிரெதிராக இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். மழை பொய்த்த காலத்தும், கொள்ளைநோய் பரவிய காலத்தும், அம்மனின் சினம் தணியும்பொருட்டு இவ்விளையாட்டை நடத்துதல் முன்னோர் வழக்கம்.

இன்று கொம்புமுறி அருகிவிட்டது. எனினும், அது எழுப்பும் வினா அருகவில்லை. ஊரை இரண்டாகப் பிரித்து மோதவிடும் ஒரு விளையாட்டு, அவ்வூருக்கு எங்ஙனம் அமைதியைத் தரும்? மனித மனத்தின் இயல்பை ஆராயும் உளநூல் இவ்வினாவிற்கு விடைகாண உதவுகின்றது.

முதலில் வடத்தையே எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் கூடி இழுத்தால் ஒருவரின் வலுவைப்போல் பத்து மடங்கு வலு கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண்மைப் பொறியியலாளர் இதனைச் சோதித்து, 1913 இல் தம் முடிபுகளை வெளியிட்டார். எண்மர் கூடி இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனித்து இழுக்கும் வலுவில் ஏறத்தாழப் பாதியே பயன்பட்டது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காமை இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் மனத்தில் உள்ளது. 1974 இல் வெளிவந்த ஆய்வொன்றில், கண்கள் கட்டப்பட்ட ஒருவர் வடத்தின் முன்னே நிறுத்தப்பட்டார். பின்னால் வேறு எவரும் இழுக்கவில்லை. ஆயினும், துணைக்குப் பலர் இருக்கின்றனர் என்று நம்பியபோது அவர் தம் முயற்சியைக் குறைத்துக்கொண்டார். தன் உழைப்பு கூட்டத்தில் மறைந்துவிடும் என்ற எண்ணம் கையைத் தளர்த்துகின்றது. அவரவர் பங்கு பிறர் அறியத் தெரியுமாயின் இத்தளர்ச்சி பெரிதும் நீங்கும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

வாவிக்கரைப் பெண்கள் இவ்வுண்மையை ஏட்டில் படித்தறிந்தவர் அல்லர். சீட்டுப் பிடித்து அறிந்தவர். சீட்டில் ஒவ்வொருத்தியின் பணமும் குறித்த நாளில் மற்றவர் கண்முன் வைக்கப்படுகின்றது. அதனாலேயே அது எழுத்தும் பிணையும் இன்றி நடைபெறுகின்றது. ஒரு தையல் இயந்திரமோ, ஒரு சிறு கடைக்கு முதலோ அவ்வழியாகவே பலர்க்குக் கிட்டியது. ஆயின், இதே கண்காணிப்பு துன்பமாகவும் மாறக்கூடும். குழுவாகப் பொறுப்பேற்கும் நுண்கடன்களில், தவணை தவறிய ஒருத்தியைப் பிறர் முன் நாணச் செய்வதே கடன் அறவிடும் வழியாகிவிடுமாயின், உறவு முறியும், தொழிலும் முறியும். கண்காணிப்பு ஊக்கமாவதும் அச்சமாவதும், சூழ இருப்போர் தோழரா, அறவிடுவோரா என்பதைப் பொறுத்தது.

இனிப் பகைமையின் வினாவிற்கு வருவோம். 1954 இல் முசாபர் செரீப் என்ற உளநூலாரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் சிறுவர் முகாம் ஒன்றை நடத்தினர். ஒருவரையொருவர் முன்பின் அறியாத 22 சிறுவர் இரு அணிகளாக வெவ்வேறிடத்தில் தங்க வைக்கப்பட்டனர். பின்னர், கயிறிழுத்தல் முதலிய போட்டிகளில் மோதவிடப்பட்டனர். சில நாள்களுள் ஓரணியின் கொடியை மற்றோரணி எரித்தது. வசைமொழியும் கைகலப்பும் மிகுந்தன. இரு அணியாரையும் ஒருங்கே இருத்தி உணவளித்தும் பகை தணியவில்லை. அதன்பின், எவ்வணியும் தனித்துத் தீர்க்கவியலாத இடர்கள் அவர்முன் வைக்கப்பட்டன. குடிநீர் தடைப்பட்டது. உணவு கொண்டுவர வேண்டிய லொறி நின்றுபோயிற்று. போட்டியில் எதிரெதிராக இழுத்த அதே கயிற்றை லொறியிற் கட்டி, இரு அணியாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தனர். ஒரு நிகழ்ச்சியோடு பகை மறைந்துவிடவில்லை. இத்தகைய கூட்டு முயற்சிகள் பல தொடர்ந்த பின்னரே நட்பு அரும்பியது.

இவ்வாய்வின் மறுபக்கம் அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. ஓராண்டு முன்னர், 1953 இல், செரீப் இத்தகைய முகாம் ஒன்றை நடத்தித் தோல்வியுற்றார். அங்கே சிறுவர் முதலில் ஒன்றாகப் பழகவிடப்பட்டு, அதன்பின்பே பிரிக்கப்பட்டனர். அவர்களை மூட்டிவிடப் பெரியோர் சூழ்ச்சி செய்தபோது, சிறுவர் தம் தோழரை ஐயுறாது பெரியோரையே ஐயுற்றனர். முன்னரே பழகிய நெஞ்சங்களைப் பகைக்க வைப்பது எளிதன்று.

கொம்புமுறியின் மறையும் இங்கேயே உள்ளது எனலாம். வடசேரியும் தென்சேரியும் வெவ்வேறு ஊர்கள் அல்ல. ஒரே ஊரின் இரு பாதிகள். வடத்தின் மறுமுனையில் நிற்பவன் அயல் வயற்காரனாகவோ, ஒரே தோணியிற் செல்பவனாகவோ இருப்பான். வசைப்பாடலும் உண்டு, ஆயின், அது விளையாட்டின் எல்லையுள் அடங்கும். போட்டியைப் பகையாகாது காப்பது அதற்கு முந்திய பழக்கமே.

இப்பழக்கம் குன்றினால் என்ன நேரும் என்பதை இவ்வாவிக்கரை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாக உடைய கரை இது. அவ்வொற்றுமையும் அச்சத்தின் முன் மறக்கப்பட்டது.

அச்சத்திற்கு இன்று கைத்தொலைபேசி சிறகு தருகின்றது. செய்தி முக்கியமானதாகவும் தெளிவற்றதாகவும் இருக்கும்போது வதந்தி வளர்கின்றது என அல்போட், போஸ்மன் என்னும் உளநூலார் இருவர் 1947 இல் எழுதினர். 2018 பெப்ரவரியில், அயலிலுள்ள அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்ற வதந்தி எழுந்தது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அவ்வுணவிற் கண்டது மாக்கட்டியே என்பது பின்னரே பரிசோதனையில் தெளிவாயிற்று. செய்தியை மறுகைக்கு அனுப்புமுன், ‘இதனைக் கண்டவர் யார்?’ என்று ஒரு கணம் கேட்பதும், மறுபக்கத்தில் கேட்டறியத்தக்க ஒரு நண்பரைப் பெற்றிருப்பதுமே இதற்கு மருந்து.

லொறியும் கயிறும் இக்கரைக்குப் புதியன அல்ல. மாரிமழையில் வாவி பெருகி, முகத்துவாரத்தை மணற்றிடல் அடைத்து நிற்கும்போது, அதனை வெட்டி நீரைக் கடலுக்கு விடவேண்டியுள்ளது. எப்போது வெட்டுவது என்பதில் உழவர்க்கும் மீனவர்க்கும் கருத்து வேறுபடலாம். ஆயினும், கூடிப் பேசாமல் முடிவுகாண இயலாது. 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலையும், 2011 சனவரியின் பெருவெள்ளமும் எவ்வூரையும் இனங்கேட்டுத் தாக்கவில்லை. அவ்வேளைகளில் நீட்டிய கைகள், நீர் வடிந்தபின் மடங்கிவிடாதிருத்தல் வேண்டும். செரீப்பின் முகாம் கற்பித்தவாறு, ஒருநாட் கூட்டுழைப்பு போதாது. ஒரு விளையாட்டுக் கழகத்தில் இரு ஊர் இளைஞரும் ஓரணியாக ஆடுவதும், ஒரு சந்தையில் நெல்லும் மீனும் கைமாறுவதும், பிள்ளைகள் பிரிவினையை அறியுமுன்னரே ஒருவரையொருவர் அறிந்துகொள்வதும் நாடோறும் நிகழவேண்டியவை. வடம் ஒன்றே, அதனைப் பிடிப்போர் எப்பக்கம் நிற்கின்றனர் என்பதே வேறுபாடு.