உங்களுக்குத் தெரியுமா? காதுப் படம் கையில் இருந்தால் பேசக் கூடாது!

மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஒன்றைக் குழந்தையின் முன்னால் வைத்து, "சாப்பிடாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவேன்" என்று சொல்வது, ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் வால்டர் மிஷல் நடத்திய புகழ்பெற்ற சோதனை. காத்திருக்கும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று ஊரெல்லாம் பேசினார்கள். 2018-ல் வேறு ஆய்வாளர்கள் அதை 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களோடு சரிபார்த்தார்கள். குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததுமே, காத்திருப்பதற்கும் பிற்கால வெற்றிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது.

2013-ல் வெளியான ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் சுவாரசியம். சில குழந்தைகளிடம் முதலில் பழைய கிரேயான்களைக் கொடுத்து, "நல்லதாகக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிப் போன ஆய்வாளர் வெறுங்கையோடு திரும்பினார். அதன் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. ஏமாந்தவர்கள் சராசரியாக 3 நிமிடமே பொறுத்தார்கள். சொன்னது சொன்னபடி கிடைத்தவர்கள் 12 நிமிடம். நாளைக்கு வேலை உண்டா என்பதே நிச்சயமில்லாத வீட்டில், கிடைத்ததை உடனே வாயில் போடுவது புத்திசாலித்தனம்தானே!

சரி, பொறுமையைப் பழக்க முடியுமா? எலெனா போட்ரோவா, டெபோரா லியோங் இருவரும் அமெரிக்காவில் வகுத்த 'டூல்ஸ் ஆஃப் தி மைண்ட்' முறையில், மழலையர் இருவர் இருவராகப் புத்தகம் பார்ப்பார்கள். வாய்ப் படம் வைத்திருப்பவர் கதை சொல்வார். காதுப் படம் வைத்திருப்பவர் கேட்க வேண்டும். குறுக்கே பேச நாக்கு துறுதுறுத்தாலும் கையிலிருக்கும் காது தடுக்கும். பிறகு அட்டை கைமாறும். சில மாதங்களில் அட்டையே தேவைப்படாது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் அது கிடைக்கவில்லை.