வராகநதிக் கரையின் தேன்சிட்டுகள்

ஹம்மிங் பேர்டு எனப்படும் ரீங்காரச்சிட்டுகளில் ஏறத்தாழ 360 இனங்கள் உண்டெனினும் அவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. அங்கேயும்கூட அவற்றை அருகிருந்து காண, சான் டியாகோ விலங்குக்காட்சிசாலையில் உள்ளதைப் போன்ற, பார்வையாளர் உள்ளே நடந்து செல்லத்தக்க பறவைக்கூடங்களையும் மக்கள் நாடுகின்றனர். வராகநதிக் கரையில், பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலத்தில் முருங்கைப் பூக்களிடையே துள்ளித் திரிவதும், பலரும் ஹம்மிங் பேர்டு என்றே சுட்டிக்காட்டுவதுமான பறவை தேன்சிட்டாகும். இவ்விரு குடும்பங்களுக்கும் நெருங்கிய உறவில்லை. பூந்தேனை உண்ணும் ஒரே தொழில், தொடர்பற்ற இரு பறவை வகைகளுக்கும் நீண்ட அலகையும் குழல்போன்ற நாவையும் தந்துள்ளது. இதனை உயிரியலார் குவிபரிணாமம் என்பர்.

ரீங்காரச்சிட்டு சிறகை மேலே வீசும்போதும் கீழே வீசும்போதும் தூக்குவிசை பெறுவதால் பூவின்முன் அந்தரத்தில் நிலைத்து நிற்க வல்லது. தேன்சிட்டோ சில நொடிகளே அவ்வாறு நின்று, பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே தேனருந்துகிறது. படமெடுப்போருக்கு இது பெரும் வசதி. பறவைக்கூடத்தை வெளியிலிருந்து படமெடுப்பவர் வலைக்கு மிக அருகே லென்ஸை வைத்துத் துளையை அகலத் திறந்து வலையை மறைக்கவும், நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய ஷட்டர் நேரத்தை நாடவும் வேண்டியிருக்க, கொல்லை முருங்கையருகே அசையாது காத்திருப்பவருக்குக் காலை வெயிலே போதும். ஆனால் வெயில் படமெடுப்பவரின் முதுகுப்புறமிருந்து விழ வேண்டும். ஆண் பறவையின் ஊதா மினுக்கம் சாயத்தால் அன்றி இறகின் நுண்ணடுக்குகளில் எதிரொளிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் தோன்றுவதாகையால், கோணம் சற்றே மாறினாலும் பறவை வெறும் கருப்பாகிவிடும்.

மின்னும் ஆணை அடையாளங்காண்பது எளிது. வயிறு மஞ்சளாயின் அது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. உடல் முழுதும் கருநீலமாயின் ஊதாத் தேன்சிட்டு. நீண்டு நன்கு வளைந்த அலகும் பழுப்பு வயிறும் இருப்பின், 18ஆம் நூற்றாண்டில் இலங்கையின் டச்சு ஆளுநராயிருந்தவர் பெயர் தாங்கிய லோட்டன் தேன்சிட்டு. உண்மையான தேர்ச்சி பெட்டைகளிடத்தே தேவைப்படுகிறது. ஊதாப்பிட்டின் பெட்டைக்குத் தொண்டை வெளிறி நெஞ்சு மட்டும் மஞ்சளாயிருக்கும். ஊதாத் தேன்சிட்டின் பெட்டைக்கோ தொண்டை முதலே மங்கிய மஞ்சள் படர்ந்திருக்கும். இனப்பெருக்கக் காலம் கழிந்ததும் ஊதாத் தேன்சிட்டின் ஆணும் மினுக்கத்தை இழந்து, தொண்டையிலிருந்து வயிறு வரை இறங்கும் ஒரு கருங்கோட்டுடன் பெட்டையைப் போலவே தோன்றும். இந்த மங்கிய பறவைகளைப் படமெடுக்காது விடுவோர் பாதிப் பறவையியலை இழக்கின்றனர்.

மாந்தோப்புகளில் உழவர் வெறுக்கும் புல்லுருவி, அதாவது மரக்கிளையில் வேரூன்றி அதன் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி, தேன்சிட்டுகளைக் காண மிகச் சிறந்த இடம். அதன் குழல்வடிவப் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நிகழ்த்துபவை பெரும்பாலும் இவையே. சிலந்தி நூலால் பிணைத்துத் தொங்கவிடப்பட்ட கூட்டை மட்டும் நெருங்கலாகாது. தாய் அஞ்சிக் கைவிட்டால் முட்டைகள் அழியும். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் அடைத்து வளர்ப்பதும் குற்றமாகும். சமவெளி இனங்களை அறிந்தபின் மேகமலைக்கு ஏறுவோர், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியதும், ஆணின் முதுகு கருஞ்சிவப்பாயிருப்பதுமான சின்னத் தேன்சிட்டைத் தேடலாம்.