மெயில் சர்வரை எந்த ஊரில் வைப்பது?

1990களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே மெயில் நிர்வாகியாக இருந்த ட்ரே ஹாரிஸுக்குப் புள்ளியியல் துறைத் தலைவரிடமிருந்து போன் வந்தது. தங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மெயில் போவதில்லை என்பது புகார். மெயிலுக்கு ஏது மைல் கணக்கு? ஹாரிஸ் நம்பாமல் சோதித்துப் பார்த்தார். வாஷிங்டனுக்குப் போனது, நியூயார்க்குக்குப் போனது. பாஸ்டனுக்குப் போகவில்லை, மெம்ஃபிஸுக்கும் போகவில்லை.

காரணம் இதுதான். சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது மெயில் மென்பொருள் மட்டும் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. புதிய அமைப்புக் கோப்பு அதற்குப் பிடிபடவில்லை. எதிர் சர்வர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற இடத்தில் பூஜ்யம் விழுந்துவிட்டது. அந்த இயந்திரத்தில் பூஜ்யம் என்பது நடைமுறையில் 3 மில்லிநொடி. அதற்குள் ஒளி போகும் தூரம் சுமார் 900 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 560 மைல். (போக வர இரண்டு தூரத்தையும் சேர்த்தால் கணக்கு இத்தனை கச்சிதமாக வராது. சுவைக்காகச் சில விவரங்களை மாற்றியிருப்பதாக ஹாரிஸே சொல்லிவிட்டார்.)

எனக்குப் பிடித்தது அவர் செய்த கடைசிச் சோதனை. அதே வட கரோலினாவில் வசித்த நண்பர் ஒருவருக்கு மெயில் அனுப்பினார். அதுவும் போகவில்லை. நண்பருடைய இணைய நிறுவனத்தின் சர்வர் இருந்தது நாட்டின் மறுகோடியில், சியாட்டிலில்.

ஆக, மெயிலைப் பொறுத்தவரை உங்கள் ஊர் என்பது உங்கள் சர்வர் இருக்கும் ஊர். நாலைந்து கிளைகள் உள்ள எந்த நிறுவனத்துக்கும் இந்தக் கேள்வி வந்துவிடும். கிளைக்கொரு சர்வரா, தலைமை அலுவலகத்தில் ஒரே சர்வரா?

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றினார்கள்) நேர்க்கோட்டில் 1,360 கிலோமீட்டர். போய்த் திரும்ப 14 மில்லிநொடி போதும். ஆனால் அங்கே கடலடி இழை வந்ததே 2020 ஆகஸ்டில்தான். அதுவரை நிலப்பகுதியோடு இணைத்தது செயற்கைக்கோள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கோளுக்குக் கேள்வி ஏறி இறங்க வேண்டும், பதிலும் ஏறி இறங்க வேண்டும். நாலு நடையில் அரை நொடி போய்விடும்.

அரை நொடிதானே என்றால், மெயில் பெட்டியைத் திறப்பது ஒரே கேள்வியோடு முடிவதில்லை. கடவுச்சொல் சரியா, என்னென்ன கோப்புறைகள், புதிதாக எத்தனை வந்திருக்கின்றன என்று கணினியும் சர்வரும் பேசிக்கொண்டே இருக்கும். கணக்குக்கு நாற்பது கேள்விகள் என்று வையுங்கள். இழை வழியே அரை நொடிக்குச் சற்று மேல், செயற்கைக்கோள் வழியே இருபது நொடி. 2019இல் அந்தத் தீவுக் கிளையில் தனி சர்வர் வைத்தவர் செய்தது சரி. அதே சர்வருக்கு இன்றும் ஏசி போட்டுக் காவல் காப்பது வீண் செலவு.

தூரம் ஒரு பக்கம், குழாயின் அகலம் இன்னொரு பக்கம். தலைமை அலுவலகத்தில் ஒருவர் 10 எம்பி கோப்பை இணைத்து ஒரு கிளையின் 60 பேருக்கும் அனுப்புகிறார். மெயில் பிறந்தது வெறும் எழுத்துகளைச் சுமக்க. அதனால் படமோ பிடிஎஃப்போ எதுவானாலும் எழுத்துகளாக மாறித்தான் ஏற வேண்டும். மூன்று பைட் நான்கு எழுத்தாகும், 10 எம்பி 13 எம்பியைத் தாண்டிவிடும். கிளையில் சர்வர் இல்லாவிட்டால் 60 பேரும் தனித்தனியாக அதை இழுப்பார்கள். 10 எம்பிபிஎஸ் லைன் என்றால், வேறு எதற்கும் இடம் கொடுக்காமல் 11 நிமிடம் அது மூச்சுத் திணறும். கிளையில் சர்வர் இருந்தால் ஒரே பிரதி வந்து சேரும், 11 நொடியில்.

இந்தச் சிக்கனத்தை மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2007 இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ஒவ்வொரு இணைப்புக்கும் நிர்வாகி ஒரு ‘செலவு’ எண் கொடுப்பார், மென்பொருள் மலிவான பாதையைத் தேர்ந்தெடுக்கும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் ஒரே மெயில் என்றால், பாதை பிரியும் மதுரை வரை ஒரு பிரதிதான் போகும். நாகர்கோவில் லைன் அறுந்திருந்தால் மெயில் சென்னையிலேயே முடங்காது. போக முடிந்த தூரம் போய், அங்கே வரிசையில் நிற்கும்.

நிற்பது மெயிலுக்குப் பழக்கமானதுதான். எதிர் சர்வர் கிடைக்காவிட்டால், அரை மணிக்குக் குறையாத இடைவெளி விட்டு நாலைந்து நாளாவது முயன்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது இணைய விதி. உங்கள் சர்வர் இரண்டு மணி நேரம் படுத்தாலும் வெளியிலிருந்து வரும் மெயில் தொலைந்துபோகாது. பொறுமை இல்லாதது மனிதர்களுக்கு. காலை ஒன்பதரைக்கு இன்பாக்ஸ் திறக்கவில்லை என்றால் நிர்வாகியின் போன் ஓயாது. அதற்காகத்தான் இரண்டு ஊரில் இரட்டை சர்வர் வைக்கிறார்கள். ஒரே ஊரில் இரண்டு கட்டடம் என்பதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிக்கு அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இரட்டை வைத்தால் ஒரு புதுச் சிக்கல் முளைக்கும். சென்னையிலும் ஹைதராபாத்திலும் ஒவ்வொரு சர்வர், இரண்டிலும் அதே பெட்டிகளின் பிரதி. நடுவே உள்ள லைன் மட்டும் அறுந்துபோகிறது. சென்னை செத்துவிட்டது என்று ஹைதராபாத் நினைக்கும். சென்னை நினைப்பதும் அதையேதான். இரண்டும் தானே தலைவன் என்று மெயில் வாங்க ஆரம்பித்தால், ஒரே பெட்டிக்கு இரண்டு வரலாறு உண்டாகிவிடும். பிறகு ஒட்டவே முடியாது.

இதற்குத் தீர்வு பஞ்சாயத்துதான். மூன்றாவதாகச் ‘சாட்சி’ என்று ஒரு கணினி வைப்பார்கள். அதில் மெயில் எதுவும் இருக்காது, அதற்கு ஒரு ஓட்டு மட்டும் உண்டு. லைன் அறுந்ததும் யார் முதலில் சாட்சியைப் பிடிக்கிறாரோ அவருக்கு மூன்றில் இரண்டு ஓட்டு, அவர் தொடர்வார். மற்றவர் தானாகவே கடையை மூடிவிடுவார்.

அந்தச் சாட்சியைச் சென்னை சர்வருக்குப் பக்கத்து ராக்கிலேயே வைத்துவிட்டால்? சென்னைக் கட்டடத்தில் கரண்ட் போனால் இரண்டு ஓட்டும் சேர்ந்தே போகும். ஒன்றும் ஆகாத ஹைதராபாத், கையில் ஒரே ஓட்டோடு தானும் நின்றுவிடும். யாராவது போய்க் கையால் எழுப்பிவிட வேண்டும். சாட்சிக்கு உரிய இடம் மூன்றாவது ஊர், இரண்டு பக்கமும் தனித்தனி லைனோடு. உங்கள் அலுவலகத்தில் அந்த மூன்றாவது ஓட்டு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று நாளைக்கு ஐடி பிரிவில் கேட்டுப் பாருங்கள்.